ஐந்தாம் எண்ணுக்குப் போட்ட பூஜ்யம்

அறுபத்து மூன்று நாடுகள். கப்பல் ஊழியர்களுக்கான அந்த உதவி எண் உலகத்தில் எத்தனை நாடுகளை எட்டுகிறது என்று யார் கேட்டாலும் அலுவலகத்தில் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். வரவேற்பறைச் சுவரிலும் நீல எழுத்தில் அதையே ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் மூன்றாவது மாடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தேழு வயதுக்காரர். நிஜமாக எத்தனை நாடு என்று அவரிடம் இப்போது கேட்டால், "தெரியலைங்க" என்கிறார். போன வருஷம் வரை அவர் வாயில் வராத சொல் அது.

அலுவலகத்தில் அவருக்குப் 'பர்சன்ட்' என்று பெயர். குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால்கூட "அறுபது பர்சன்ட் எடுத்துட்டுப் போங்க" என்று பதில் சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இருபத்திரண்டு வயதில் ஒரு சோப்புக் கம்பெனிக்காகக் கதவு தட்டுகிற வேலையில் சேர்ந்தார். எந்த சோப்பில் குளிக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை கட்டி, யார் வாங்கி வருவது என்று பதினான்கு கேள்விகள். ஒரு நாளைக்கு நாற்பது கதவு. "அதுல பதினஞ்சு கதவு மூஞ்சியிலயே சாத்தும். நீங்க எப்படிக் குளிக்கிறீங்கன்னு ஒரு ஆம்பளை வந்து கேட்டா பின்ன ஆரத்தியா எடுப்பாங்க?" என்று இன்றும் சிரிப்பார். கதவு திறந்தவர்களும் உண்மை சொன்னதில்லை. குளியலறை மாடத்தில் மலிவான சோப்பு கரைந்துகொண்டிருக்கும். வாய் விலை உயர்ந்த சோப்பின் பெயரைச் சொல்லும்.

இருபத்தொன்பது வயதில் மேற்பார்வையாளர் ஆனார். ஒருமுறை தன் ஆட்கள் ஒரே தெருவை இரண்டு தடவை எண்ணிவிட்டதைக் கண்டுபிடித்து, தானே மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அடுத்த திங்கட்கிழமை வேலை போய்விட்டது. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். கணக்கில் பிழை வந்தால் திருத்தலாம், வாயைத் திறந்து சொல்லத்தான் கூடாது என்பது அந்த ஏழு மாதத்தில் அவர் கற்ற பாடம்.

பிறகு ஒரு பத்திரிகையில் விற்பனைக் கணக்கு. அதற்கும் பிறகு, எல்லோர் கையிலும் போன் வந்த காலத்தில், தேடல் கணக்கு. எந்த நாட்டில் எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளந்து காட்டும் பக்கத்தை முதன்முதலில் திறந்த நாளன்று அவருக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. கதவு தட்ட வேண்டாம். யாரும் பெருமைக்குப் பொய் சொல்ல மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து போனில் எழுத்தைத் தட்டுகிறவன் தனக்கு வேண்டியதைத்தானே தட்டுவான்?

காலையில் பல் தேய்க்கும் முன்னே உலக வரைபடத்தைத் திறந்துவிடுவார். அதிகம் தேடும் நாடு அடர்நீலம், குறைவாகத் தேடும் நாடு வெளிர்நீலம். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்: "பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில சேர்ந்து நாலு நாள் ஆச்சு, அது தெரியாது. உலகத்துக்கு அந்தக் கோடியில எவனுக்குப் பல்வலின்னு மட்டும் தெரியும்."

உதவி எண் அலுவலகத்துக்கு அவர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கீழே கப்பலுக்குப் பெயின்ட் விற்கும் கடை; அந்த வாடை படியேறி மூன்றாம் மாடி வரை வரும். சம்பளம் கொடுக்காமல் இழுத்தடிக்கும் முதலாளி, துருப்பிடித்த குடிநீர், கை முறிந்தவனைக் கரையில் இறக்காத கேப்டன், ஊரில் நடந்துவிட்ட சாவு: எதுவானாலும் கடலில் இருக்கிறவர்கள் இங்கே அழைக்கலாம். அழைத்ததும் எண்ணை அழுத்தச் சொல்லும். ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து மொழிகள். பேசுகிறவர்களையும் எண்ணால்தான் கூப்பிடுவார்கள். 'ரெண்டாம் நம்பர் லீவு', 'நாலாம் நம்பருக்குத் தொண்டை கட்டியிருக்கு' என்பார்கள்.

ஐந்தாம் நம்பர் ஒரு அக்கா. ஐம்பத்திரண்டு வயது. கடல் கடந்து வந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டவர். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. மற்றவர்கள் கணினியில் இரண்டு வரியில் முடிக்கும் அழைப்பை இவர் நோட்டில் இரண்டு பக்கம் எழுதுவார். சிலநாள் ஒரே ஆளிடம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஐந்தாம் எண்ணில்தான் அழைப்பு குறைவாக இருக்கும்.

"தம்பி, உங்க மேப்புல எங்க ஊரு எங்க? நகத்தால சுரண்டினாதான் தெரியுமா?" என்பார், தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம்.

"இருக்குக்கா. வெளிர்நீலம்."

"அது வெளிர்நீலமா? கண்ணாடியை மாத்துங்க தம்பி. அது வெள்ளை."

அலுவலகத்தின் இயக்குநருக்குக் 'கேப்டன்' என்று பெயர். கப்பலுக்கும் அவருக்கும் உள்ள ஒரே உறவு, ஒருதடவை துறைமுகப் படகில் ஏறிக் கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தது. பட்டம் அன்றைக்கு வந்தது. நல்ல மனுஷன், பிரச்சினை என்றால் மட்டும் அறையில் இருக்க மாட்டார்.

போன வருஷக் கடைசியில் ஒரு கேள்வி வந்தது. புதிதாக ஒரு மொழியைச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழு சொன்னது. ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணம் உண்டு. ஆகவே ஒன்றை எடுக்க வேண்டும். எதை?

அழைப்புகளை வைத்து முடிவெடுக்க முடியாது. தன் மொழி இல்லாதவன் ஏதோ ஒரு எண்ணைத்தான் அழுத்துவான். கடலிலிருந்து வரும் அழைப்பு செயற்கைக்கோள் வழியாக வருகிறது; அதன் எண்ணைப் பார்த்தால் அழைப்பவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. ஆகவே தேடலை வைத்துப் பார்க்கலாம் என்று பர்சன்ட் யோசனை சொன்னார். உதவி எண்ணின் பெயரை எந்தெந்த நாட்டில் தேடுகிறார்கள் என்று பார்ப்போம். எங்கே அதிகமோ அந்த நாட்டு மொழி இருக்கட்டும், எங்கே குறைவோ அது போகட்டும். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அக்காவுக்கும்தான்.

இரண்டு வாரம் உழைத்தார். வடக்கே ஒரு சின்னக் குளிர்நாடு, மனிதரைவிட ஆடுகள் அதிகம் என்று கேலி செய்யப்படும் நாடு, நூறு வாங்கியிருந்தது. ஐந்தாம் மொழி பேசுகிற நாட்டுக்கு நேரே எண்ணே வரவில்லை. 'போதிய தரவு இல்லை' என்று ஒரு சாம்பல்நிற வரி. அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தால் கூட்டுத்தொகை ஓடாது. பர்சன்ட் அதில் ஒரு பூஜ்யத்தைப் போட்டார்.

ஐந்தாம் மொழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளிர்நாட்டு மொழியை வைக்கலாம் என்ற பரிந்துரையுடன் இரண்டாம் தேதி அறிக்கை போனது. பதினெட்டாம் தேதி குழுக் கூட்டம். கேப்டன் மேசைக்கே வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். "பர்சன்ட், இப்படி ஒரு கிளீன் ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்ல."

ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியின் தம்பி வந்தார். கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு சோபாவில் காலை நீட்டிப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. என்னைப் பார்த்தா குளிர்ல நடுங்கற ஆளு மாதிரியா இருக்கு?"

"ஏன் மச்சான்?"

"ஒன்பது மாசமா ஸ்வெட்டர் விளம்பரமா வருது. இங்க பாருங்க." போனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். தடித்த கம்பளிச் சட்டை, பக்கத்தில் ஒரு ஆடு, புரியாத மொழியில் விலை. "எஞ்சின் ரூம்ல நாப்பத்தஞ்சு டிகிரி. வேர்வையைப் பிழிஞ்சு பக்கெட்ல ஊத்தறோம். இவன் ஸ்வெட்டர் வாங்கு, ரெண்டாவது பாதி விலைங்கறான்."

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தார். "ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல, உங்க மாமாவுக்கு."

"அந்த நாட்டுப் பக்கம் போனியா நீ?" என்று கேட்டார் பர்சன்ட்.

"எங்க போனேன்? பூமத்திய ரேகையை விட்டே நகரலை. விஷயம் என்னன்னா மாமா, கப்பல்ல நெட் போட்டா அது வானத்துக்குப் போயி, எங்க கம்பெனிக்கு எந்த நாட்ல ஸ்டேஷன் இருக்கோ அங்க இறங்குது. அதனால எங்க எல்லாரையும் அந்த ஊர்க்காரன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்குது. கப்பல்ல அஞ்சு நாட்டு ஆளுங்க. அஞ்சு பேருக்கும் அதே ஆடு, அதே ஸ்வெட்டர்."

அது எந்த நாடு என்று பர்சன்ட் கேட்கவில்லை. படத்தில் இருந்த எழுத்துகளை இரண்டு வாரமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். குளிர்நாட்டின் தேடல்களை மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஊர் தூங்கும் நேரத்தில் தேடலும் படுத்துவிட வேண்டும். இங்கே கோடு இரவிலும் பகலிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. தூங்காத நாடு எங்கே இருக்கிறது? உலகத்தின் எல்லாக் கடலிலிருந்தும் வந்து அங்கே இறங்கிய தேடல்கள் அவை.

இன்னொன்றும் இருந்தது. உதவி எண்ணின் பெயரோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் தேடினார்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். குளிர்நாட்டுப் பட்டியலில் படிக்கத் தெரியாத எழுத்தில் முப்பத்தைந்து வரிகள் வந்திருந்தன. குப்பை என்று நினைத்து அவரே அவற்றை நீக்கியிருந்தார். இப்போது தேடி எடுத்து மொழிபெயர்ப்பில் போட்டார். 'மூன்று மாதச் சம்பளம் வரவில்லை.' 'பாஸ்போர்ட் கேப்டனிடம்.' 'கப்பலிலிருந்து வீட்டுக்குப் போவது எப்படி.'

ஐந்தாம் மொழி. அக்காவின் ஆட்கள்.

அழைப்புக்கு நாடு கிடையாது என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியவர் அவர். அதே கடலிலிருந்து அதே செயற்கைக்கோள் வழியாக வரும் தேடலுக்கு மட்டும் நாடு உண்டு என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியவரும் அவரேதான். அறிக்கையைப் படித்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலை அவருடையது.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நேரம் இல்லை என்று அவர் சொல்லிக்கொள்ள வழியில்லை.

'மன்னிக்கவும், அறிக்கையில் ஒரு பிழை' என்று தொடங்கும் மின்னஞ்சலை நான்கு முறை எழுதினார். நான்கு முறையும் அழித்தார். சோப்புக் கம்பெனி மேலாளர் கைகுலுக்கிய கை நினைவுக்கு வந்தது. மகளுக்கு அந்த வருஷம்தான் கல்லூரி. ஐந்தாம் தடவை எழுதியது மின்னஞ்சல் இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு. 'சிறிய நாடுகளின் எண்களைக் கவனத்துடன் அணுகவும்.' எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில். திருத்திய அறிக்கை என்று அதை அனுப்பிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தார்.

பதினெட்டாம் தேதி கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். குழுத் தலைவி மட்டும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷ மொழியை எடுப்பதில் அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அடியிலிருந்த குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன? அந்த ஜீரோ சந்தேகமா இருக்கா? சந்தேகம்னா சொல்லுங்க, தள்ளி வெச்சுக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்து வைக்க முடியாது. கேப்டன் அவரைப் பார்த்தார்.

"இல்லைங்க மேடம். வழக்கமா போடற குறிப்புதான். ஜீரோ உறுதி."

தீர்மானம் நிறைவேறியது.

அந்த மாதக் கடைசியில் அக்கா தன் நோட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கினார். கோபமாக இருந்தால் பர்சன்டுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"நீங்க ஏன் தம்பி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க? கணக்கு கணக்குதான். அண்ணன் தம்பிக்குப் பார்த்துப் போடற விஷயமா இது? நீங்க நேர்மையா செஞ்சீங்க."

நேர்மை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். கேனில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

புது மொழிக்கு ஆறாம் எண் கொடுத்தார்கள். பழக்கத்தில் இனியும் ஐந்தை அழுத்துகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு வேண்டும். அக்காவே பேசினார், பர்சன்ட் பதிவு செய்தார். இருபத்திரண்டு நொடி. ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"இந்த மொழியில இனிமே ஆள் இல்ல. ஒண்ணை அழுத்துங்க. கப்பல் பேரையும் 'சம்பளம்', 'அடி', 'வீடு'ங்கற மாதிரி ஒத்தை வார்த்தையையும் மெதுவா சொல்லுங்க, யாருக்காவது புரியும்னு சொன்னேன்." அப்புறம் சிரித்தார். "பத்தொன்பது வருஷமா பேசினதுல இதுதான் ரொம்பச் சின்னப் பேச்சு."

அறிவிப்பு ஓட ஆரம்பித்து ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை. வழக்கமான வாராந்தரக் கணக்கை எடுத்தார் பர்சன்ட். எந்த எண்ணுக்கு எத்தனை அழைப்பு, சராசரி எத்தனை நொடி. ஐந்தாம் எண்ணை யாரும் அழுத்தாமல் விட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைக் கீழே தள்ளினார். அழுத்தியிருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஒன்றை அழுத்தியவர்கள் சிலர். கேட்டுவிட்டு வைத்துவிட்டு, மறுபடி அழைத்து, மறுபடி கேட்டவர்கள் பலர். ஒரு செயற்கைக்கோள் எண்ணிலிருந்து மட்டும், முந்தைய வாரத் திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள், பதினொரு அழைப்பு. ஒவ்வொன்றும் சரியாக இருபத்திரண்டு நொடி.

பதினொரு தடவையும் முழுதாகக் கேட்டிருக்கிறான். அறிவிப்பு முடிந்து யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தானா, பல மாதத்துக்குப் பிறகு தன் மொழியில் ஒரு பெண் குரல் கேட்டதே போதும் என்று கேட்டானா, கணக்கில் இல்லை.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க லேப்ல ரத்தம் பத்தலைன்னா 'மாதிரி போதவில்லை'ன்னு எழுதி மறுபடி எடுக்கச் சொல்லுவோம். நோய் இல்லைன்னு எழுதினா எங்களை உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க."

"அது தெரியாம செஞ்சதுதான். ஞாயித்துக்கிழமை உன் தம்பி சொன்னப்புறம்..."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாம செஞ்சது நாலு நாள். தெரிஞ்சு செஞ்சது எத்தனை நாள்?"

அவரிடம் அந்தக் கணக்கு இருந்தது. ஆறாம் தேதியிலிருந்து அன்று வரை ஐம்பத்தொன்பது நாள். தரையில் சிதறிய கீரைக் காம்புகளைப் பொறுக்கினார்.

"அந்த அக்கா இப்ப என்ன பண்றாங்க?"

"தெரியலை."

"உலகத்தையே தேடறீங்க. அவங்களைத் தேடிப் பார்க்கலையா?"

மறுநாள் காலையில் கேப்டனின் அறைக்குப் போனார். நல்லவேளையாக, அல்லது கெட்ட வேளையாக, கேப்டன் இருந்தார். ஸ்வெட்டர், செயற்கைக்கோள், பூஜ்யம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"என்ன பர்சன்ட் இது? புது ஆள் ரெண்டு வாரமா வேலை பார்க்கறாங்க. ரிசப்ஷன்ல போர்டு மாத்தியாச்சு. இப்ப வந்து..."

"புது லைனுக்கு எத்தனை கால் வந்திருக்கு சார்?"

கேப்டன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "ரெண்டு. ஒண்ணு ராங் நம்பர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. மனுஷன்னா தப்பு வரும். டெக்னிக்கல் கோளாறுன்னு ஒரு நோட் போட்டுக்கலாம். தேடல் கம்பெனிக்காரன் கணக்கே அப்படின்னு முடிச்சுக்கலாம்."

"கோளாறு அவங்களோடது இல்ல சார். எண் இல்லாத இடத்துல எண் போட்டது நான். அதுவும் இல்லாம, கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"அதை ஏன்யா சொல்றே? முதல் பாதியோட நிறுத்திக்க. ரெண்டாவது பாதி உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். கேப்டன் அதை அன்பாகத்தான் சொன்னார். பர்சன்ட் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். குழுவில் இருந்த ஒன்பது பேருக்கும் ஒரே கடிதம். ஆறாம் தேதி எனக்குத் தெரியும், பதினெட்டாம் தேதி நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்று இரண்டாவது பத்தியிலேயே எழுதினார். நீக்கிய முப்பத்தைந்து வரிகளையும், பதினொரு அழைப்பின் பட்டியலையும் இணைத்தார். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு மவுஸைத் தள்ளி வைத்தார்.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு கிரேன் ஊழியர் குடியிருப்புக்குப் போனார். இரண்டாவது மாடி. அக்கா கணவரின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உட்காருங்க" என்று நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்தார். பர்சன்ட் உட்காராமலே சொன்னார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார்.

"வேலை போனதுகூடப் பரவாயில்ல தம்பி. பூஜ்யம்னு சொன்னீங்க பாருங்க. நான் அதை நம்பிட்டேன். எங்க ஆளுங்க யாரும் என்னைத் தேடலை, இத்தனை வருஷமா நானேதான் பெருசா நினைச்சுட்டு உட்கார்ந்திருந்திருக்கேன்னு நம்பிட்டேன். ராத்திரி இவர்கிட்டகூட அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன்."

"அக்கா, நான்..."

"மன்னிச்சுடுங்கன்னு சொல்லாதீங்க. சொன்னா நான் சரின்னு சொல்லிடுவேன். எனக்கு அது பழக்கம்." ஒரு சட்டையை எடுத்து மடித்தார், மடிப்பு கோணலாக வந்ததால் பிரித்து மறுபடி மடித்தார். "அந்தப் பதினோரு கால். நம்பர் இருக்கா?"

இருந்தது. சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். யாரிடமும் பேசாமல் தன் பழைய மேசைக்குப் போய், புதிதாக வந்த பெண்ணிடம், "அஞ்சு நிமிஷம் தரியாம்மா?" என்று கேட்டு உட்கார்ந்தார். முதல் இரண்டு தடவை இணைப்பு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். அக்கா தன் மொழியில் பேசினார், எதிர்முனைக்குப் புரியவில்லை. பிறகு இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்.

கப்பல் போன வாரம் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. எடுத்தவர் புதிய சமையற்காரர். பழைய ஆட்களைச் சில துறைமுகங்களில் பிரித்துப் பிரித்து இறக்கிவிட்டார்களாம். யார் எங்கே இறங்கினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மொழி பேசுகிற ஒருவன் இருந்ததாகக் கேள்வி, காலில் ஏதோ அடி என்றார்கள், அவ்வளவுதான் என்றார்.

அக்கா நோட்டு கேட்டார். பர்சன்ட் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கப்பலின் பெயர், பழைய கம்பெனி, தேதி, 'காலில் அடி' என்று எழுதி அடிக்கோடிட்டு, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போனார்.

குழு பத்து நாளில் கூடியது. பர்சன்டின் வேலையை எடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு எந்த அறிக்கையிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுத் தலைவி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பார்த்தபோது வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைத்தார். வேலையை எடுத்திருந்தால் இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது என்று பர்சன்ட் மனைவியிடம் சொன்னார். "அதுக்காகத்தான் எடுக்கலையோ என்னவோ" என்றார் மனைவி.

அதற்குள் இன்னொன்றும் செய்திருக்கிறார். மச்சானுக்கும், மச்சான் மூலம் பதினேழு கப்பல்களில் இருக்கும் ஆட்களுக்கும் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: உங்களுக்கு எந்த ஊர் விளம்பரம் வருகிறது? பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கப்பலில் இருக்கிறவர்களுக்கு மழைக்கோட்டு, இன்னொன்றில் பனிச்சறுக்குக் கட்டை. அறுபத்து மூன்றில் எத்தனை நாடு நிஜம், எத்தனை நாடு கப்பல் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினான்கு நாடுகள் பட்டியலிலிருந்து போய்விட்டன. சுவரில் இருக்கும் நீல எழுத்தை யாரும் இன்னும் எடுக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போது அவர் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஐந்தாம் மொழி திரும்பி வருகிறது. முழு நாளும் இல்லை. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் துறைமுக மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டார், வர முடியாது என்றார். காலில் அடிபட்ட கப்பல்காரர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதானே என்றும் சொன்னார். தன் இடத்துக்கு வருகிறவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மணி நேரம் வந்துபோகச் சம்மதித்திருக்கிறார்.

வருகிற செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். கேள்வி கேட்க அக்காவும் குழுத் தலைவியும் உட்காருவார்கள். அக்காவின் முன்னால் போய் நிற்க மனமில்லாமல் அன்றைக்குப் பர்சன்ட் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். கேப்டன் அதை ஏற்கவில்லை.